ஒரே மாத்திரை, நாலு உடம்பு: திருநர்களும் தோல் மருந்துகளின் பக்கவிளைவும்

ஸ்பைரோனோலாக்டோன் என்று ஒரு மாத்திரை. மருந்துக்கடையில் 'ஆல்டாக்டோன்' என்றால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கும், ஈரல் கெட்டு வயிறு வீங்கியவர்களுக்கும் இன்றைக்கும் எழுதப்படுகிறது. மருந்தாளுநராகக் கவுண்டருக்குப் பின்னால் பதினாறு வருஷம் நின்றுவிட்டேன். இந்த ஒரு மாத்திரையைக் கேட்டு நாலு விதமான ஆட்கள் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் ஆள் எழுபது வயதுத் தாத்தா, இதய நோயாளி. மூன்று மாதம் சாப்பிட்டபின் ஒருநாள், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, "மாருல வலிக்குதும்மா, கொஞ்சம் வீங்கினாப்ல இருக்கு" என்றார். இந்த மாத்திரைக்குப் பேர்போன பக்கவிளைவு அது. டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார்.

இரண்டாவது, தாடை ஓரமெல்லாம் பருவோடு வந்த கல்லூரிப் பெண். தோல் மருத்துவர் பருவுக்கு எழுதியது இதே மாத்திரை. பரு அடங்கியது, மாதவிலக்குத் தேதி மட்டும் முன்னே பின்னே ஆனது. மூன்றாவது ஒரு திருநங்கை. தாத்தா கூச்சத்தோடு சொன்ன அதே மார்பு வலியை அவர் சந்தோஷமாகச் சொன்னார். அவருக்கு மாத்திரை எழுதப்பட்டதே உடம்பில் ஆண் ஹார்மோனின் வேலையைக் குறைக்கத்தான்.

நாலாவதாக வந்தவர் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்பவர். முகம் முழுக்கப் பரு. தோழி ஒருத்திக்கு இதில்தான் குணமாயிற்றாம், தனக்கும் வேண்டும் என்றார். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று சொன்னால் இந்தக் கட்டுரையின் பாதி விளங்கிவிடும்.

டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்கள் (ஆண்ட்ரோஜன்கள்) ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் எதுவும் நடக்காது. தோலிலும் மயிர்க்காலிலும் எண்ணெய்ச் சுரப்பியிலும் அவற்றுக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்தால்தான் வேலை தொடங்கும். ஸ்பைரோனோலாக்டோன் அந்த இடத்தில் துண்டு போட்டுவிடும். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். ஹார்மோன் வந்து பார்த்தால் சீட் காலியில்லை. எண்ணெய் சுரப்பது குறையும், பரு குறையும். கூடவே தாடி வளர்ச்சியும் மந்தமாகலாம், நின்றிருந்த ரத்தப்போக்கு திட்டுத்திட்டாகத் திரும்பலாம். அந்தத் திருநம்பி மாதக்கணக்கில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு வரவழைத்துக்கொண்டிருந்த மாற்றங்களையே இந்த மாத்திரை எதிர்த்து நிற்கும்.

மருந்து ஒன்றுதான், அதன் வேலையும் ஒன்றுதான். ஒருவருக்கு அது பக்கவிளைவு, ஒருவருக்குச் சிகிச்சை, இன்னொருவருக்குச் சிகிச்சைக்கே எதிரி. நாம் கேட்டது போக மருந்து செய்யும் மற்ற வேலைகளுக்குத்தான் பக்கவிளைவு என்று பேர். யார் என்ன கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பட்டியல் மாறும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளோ 'ஆண்களுக்கு', 'பெண்களுக்கு' என்று இரண்டே வரிசையில் எழுதப்பட்டது. திருநர்களின் உடம்பு அந்த இரண்டு வரிசையிலும் பாதிப்பாதி இருக்கும். அதனால் ஆணா பெண்ணா என்ற கேள்விக்கு வரும் பதிலை வைத்து மருந்தைத் தீர்மானிக்க முடியாது. தெரிய வேண்டியவை இரண்டு: இப்போது உடம்பில் எந்த உறுப்புகள் இருக்கின்றன? இப்போது உடம்பில் எந்த ஹார்மோன் ஓடுகிறது?

ஊசிக்குப் பின் வரும் பரு

திருநம்பிகள் டெஸ்டோஸ்டிரோன் தொடங்கியதும் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். பதினாலு வயதுப் பையனுக்கு வருகிற பரு இருபத்தைந்து வயதில் வரும். முகத்தோடு நிற்காமல் முதுகு, மார்பு, தோள் என்று இறங்கும். பெரும்பாலும் முதல் ஆறு மாதத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு வருஷத்துக்குப் பின் பலருக்குத் தானாகவே தணியும். சிலருக்குத் தணியாமல் உள்ளுக்குள் கட்டியாகிக் குழி விழும்.

ஹார்மோனை நிறுத்திவிட்டால் பரு போய்விடுமே என்று சொல்கிற மருத்துவர்கள் உண்டு. ஆட்டு மந்தையில் ஓநாய் புகுந்தது என்பதற்காக மந்தையை விற்கச் சொல்கிற யோசனை அது. அதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியில், முதல் சில நாட்கள் ஹார்மோன் மலைபோல் ஏறி, பிறகு சரியும். பரு குமுறுவது அந்த உச்ச நாட்களில்தான் என்று சிலர் கவனித்துச் சொல்வார்கள். ஹார்மோன் மருத்துவரிடம் சொன்னால், அளவைச் சிறிதாக்கி இடைவெளியைக் குறைத்து, மேடுபள்ளத்தைச் சமன் செய்து பார்ப்பார். இதைத் தானாகச் செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது பூசுமருந்து. பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்றவை உள்ளே போய் ஹார்மோனோடு மோதுவதில்லை, அதனால் பயமில்லை. ஆனால் மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டருக்கு அடியில் இவற்றைப் பூசினால், வியர்வையும் உராய்வும் சேர்ந்து தோல் வெந்தது போல் ஆகிவிடும். முகத்துக்குச் சாதாரணமாக இருக்கும் மருந்து அங்கே எரியும். பைண்டரைக் கழற்றும் இரவு நேரத்தில் மெல்லியதாகப் பூசி, காலையில் கழுவிவிடுவது நல்லது. பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும் என்பதையும் யாரும் சொல்வதில்லை. கறுப்புப் பைண்டரில் காவி நிறத்தில் திட்டுத்திட்டாக வெளுத்துப்போய், ஏதோ நோய் என்று பயந்து வந்தவரும் உண்டு.

இதற்கெல்லாம் அடங்காத பருவுக்குத்தான் ஐசோட்ரெட்டினாயின். 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. வைட்டமின் ஏ குடும்பம். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் என்பதால், மற்ற எதுவும் செய்யாததை இது செய்யும். உதடு வெடிக்காமல் இந்த மருந்தைச் சாப்பிட்டவர் கிட்டத்தட்ட யாருமே இல்லை. கண் உலரும், மூக்குக்குள் காய்ந்து ரத்தம் கசியும், உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தசை வலிக்கும். இவை எல்லோருக்கும் பொது. திருநம்பிக்கு மட்டும் கவனம் கூட வேண்டிய இடங்கள் மூன்று.

கர்ப்பம் முதலாவது. கருவில் இருக்கும் குழந்தையின் காது, முகம், இதயம், மூளை என எல்லாவற்றையும் இந்த மருந்து கோணலாக்கிவிடும். கொஞ்ச நாள், கொஞ்ச அளவு என்றெல்லாம் இதில் சலுகை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் போட்டால் மாதவிலக்கு நின்றுவிடுகிறதே, பிறகென்ன என்று பலர் நினைக்கிறார்கள். விலக்கு நின்றாலும் சினைமுட்டை வெளிவருவது முழுதாக நின்றது என்று அர்த்தமில்லை. டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்து அல்ல. அதுவே கருவுக்குக் கெடுதியும் செய்யும்.

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில் நானே ஒரு தடவை தடுமாறியிருக்கிறேன். சீட்டில் ஆண் பேர், 20 மி.கி. ஐசோட்ரெட்டினாயின். கொண்டுவந்த பையன் எங்களிடமே டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் வாங்குகிறவர், அதனால் எனக்குத் தெரியும். எழுதிய தோல் மருத்துவருக்குத் தெரியாது. தாடி முளைத்த முகத்தைப் பார்த்து வழக்கம் போல எழுதிக் கொடுத்திருக்கிறார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள்.

"தம்பி, ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்று ஊசி போடும் அறைக்குக் கூப்பிட்டேன். "இந்த மாத்திரை கர்ப்பத்துல ரொம்ப ஆபத்து. கர்ப்பப்பை இருக்கற எல்லார்கிட்டயும் இதச் சொல்லித்தான் குடுக்கணும். அதான்…"

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு, "பீரியட்ஸ் நின்னு எட்டு மாசம் ஆச்சுக்கா" என்றார்.

"நின்னாலும் வாய்ப்பு இருக்கு தம்பி. யார்கூட இருக்கீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். அந்த வாய்ப்பு இருக்குதா இல்லையான்னு டாக்டர்கிட்ட மட்டும் பேசிட்டு ஆரம்பிங்க."

அவர் மருத்துவரிடம் போய்ப் பேசிவிட்டு அடுத்த வாரம் வந்தார். அவருடைய துணைவர் பெண். கர்ப்பத்துக்கு வழியே இல்லை, கருத்தடையும் தேவைப்படவில்லை. ஆனால் அதை அவர் சொல்லித்தான் மருத்துவருக்குத் தெரிந்தது. அவரவர் உறவு எப்படி என்று வெளியிலிருந்து ஊகித்தால் தப்பாகத்தான் போகும். துணை மூலம் விந்து வரும் வாய்ப்பு இருந்தால், மருந்து தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, மருந்து எடுக்கும் காலம் முழுதும் கருத்தடை, நிறுத்தியபின் இன்னும் ஒரு மாதம் அதே கருத்தடை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பல திருநம்பிகளுக்குப் பிடிக்காது, அதைக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். காப்பர்-டி போல ஹார்மோன் இல்லாத வழி இருக்கிறது. கர்ப்பப்பையை ஏற்கெனவே அகற்றியிருந்தால் இந்தப் பேச்சே முடிந்தது.

அமெரிக்காவில் இதையே ஒரு பெரிய பதிவேடாக வைத்திருக்கிறார்கள். ஐ-பிளெட்ஜ் என்று பேர், 2006இலிருந்து நடக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்துக்கடை மூவரும் அதில் பதிந்தால்தான் ஐசோட்ரெட்டினாயின் கைக்கு வரும். தொடக்கத்தில் அதில் மூன்று பெட்டிகள்: ஆண், கருத்தரிக்க முடிகிற பெண், கருத்தரிக்க முடியாத பெண். திருநம்பி ஒருவர் இதில் எங்கே போவார்? 'ஆண்' என்று பதிந்தால் கர்ப்ப எச்சரிக்கை எதுவும் அவருக்கு வராது. 'பெண்' என்று பதிந்தால் மாதாமாதம் மருந்து வாங்க வரும்போதெல்லாம் தான் அல்லாத ஒருத்தியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பயந்து மருந்தே வேண்டாம் என்று போனவர்கள் உண்டு. தோல் மருத்துவர்கள் பல வருஷம் வலியுறுத்தியபின், 2021 டிசம்பரில் மூன்று பெட்டி இரண்டாயிற்று: கருத்தரிக்கக் கூடியவர், கருத்தரிக்க முடியாதவர். அவ்வளவுதான். மாற்றிய வாரத்தில் இணையதளம் முடங்கி, திருநர் அல்லாதவர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் மருந்து கிடைக்காமல் தவித்தது தனிக்கதை. ஆனால் அந்த இரண்டு பெட்டி யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. மருந்துக்குத் தெரிய வேண்டியதை மட்டும் கேட்கிறது.

இரண்டாவது, ரத்தக் கொழுப்பு. ஐசோட்ரெட்டினாயின் ட்ரைகிளிசரைடைக் கூட்டும், ஈரல் நொதிகளையும் சிலருக்கு ஏற்றும். டெஸ்டோஸ்டிரோனும் தன் பங்குக்கு நல்ல கொழுப்பைக் குறைத்து ட்ரைகிளிசரைடைக் கொஞ்சம் ஏற்றும். இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால், மருந்து தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை, தொடங்கியபின் மீண்டும் ஒன்று அவசியம்.

மூன்றாவது மனசு. ஐசோட்ரெட்டினாயின் மனச்சோர்வைக் கொண்டுவருமா என்பது பல வருஷ விவாதம். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், மொத்தக் கூட்டத்தில் மனச்சோர்வு கூடியதாகத் தெரியவில்லை. கடும் பரு போனதால் மனசு தேறியவர்களே அதிகம். என்றாலும் தனி ஆள் ஒருவருக்குத் திடீரென்று மனநிலை மாறியதாக அறிக்கைகள் இருக்கின்றன, மருந்துத் தாளில் எச்சரிக்கையும் இருக்கிறது. வீட்டில் சண்டை, வேலையில் புறக்கணிப்பு என்று ஏற்கெனவே பாரம் சுமக்கிற ஒருவருக்கு இந்த மருந்தைக் கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் "தூக்கம் எப்படி, மனசு எப்படி" என்று கேட்பது மருத்துவர் வேலையில் சேர்த்தி. திருநர் என்பதற்காக மருந்தையே மறுப்பது வேலையில் சேர்த்தியில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருவுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளினையும் ஐசோட்ரெட்டினாயினையும் சேர்த்து எடுக்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத தலைவலியும் பார்வை மங்கலும் வரலாம். இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் போய், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் சொல்லாதவர்களுக்குத்தான் இது நேர்கிறது.

மங்கு, இளநீர், மெழுகு

திருநங்கைகளின் தோல் வேறு திசையில் போகும். ஈஸ்ட்ரோஜன் எடுக்கத் தொடங்கியதும் எண்ணெய் குறையும், தோல் மெலிதாகும், வறளும். எண்ணெய் வழிந்த காலத்தில் தாங்கிய பரு மருந்து இப்போது உரியவைக்கும். கன்னத்தில் மங்கு விழலாம். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வருகிற அதே மங்குதான், காரணமும் பெரும்பாலும் அதே ஹார்மோன்தான்.

என்னைப் பயமுறுத்துகிற ஜோடி இங்கேதான் வருகிறது. மங்குக்கு டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மாத்திரை இப்போது சகஜமாக எழுதப்படுகிறது. அடிப்படையில் அது ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்து. உறைந்த ரத்தம் கரையாமல் பார்த்துக்கொள்ளும். அதிக மாதவிலக்குப் போக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது, மங்கையும் வெளிறச் செய்கிறது என்று தெரிந்து தோல் மருத்துவத்துக்கு வந்தது. ஈஸ்ட்ரோஜனோ ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுவது. ஒன்று உறையவைக்கும், மற்றது கரையவிடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டிரானெக்சாமிக் மாத்திரையை எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இருப்பது இதனால்தான். திருநங்கைகள் எடுக்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் அதே கவலை பொருந்தும். சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் கூடுதல்.

நம் ஊரில் இது வெறும் புத்தகக் கவலை இல்லை. ஹார்மோன் மருத்துவரிடம் போக வசதியில்லாத, அல்லது போய் அவமானப்பட்டுத் திரும்பிய திருநங்கைகள் சிலர், மாலா-டி போன்ற கருத்தடை மாத்திரையைத் தாங்களாகவே ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று, நாலு என்று சாப்பிடுகிறார்கள். ஜமாத்தில் (திருநங்கைகளின் சமூகக் குழுவில்) மூத்தவர் சொன்னார், தோழி சாப்பிட்டாள் என்று வாய்வழியாகப் பரவும் வைத்தியம். அதில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். சின்ன அளவிலேயே ரத்தக்கட்டு அபாயத்தை ஏற்றும் வகை. திருநர் மருத்துவத்துக்கான 2022 சர்வதேச வழிகாட்டி இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது, உடம்பில் இயற்கையாகவே இருக்கும் வகையான எஸ்ட்ரடையாலைத்தான் சொல்கிறது. தோலில் ஒட்டும் பட்டை, ஜெல் வடிவில் எடுத்தால் ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

அப்படி மாலா-டி சாப்பிடும் ஒருவர் மங்குக்காகத் தோல் மருத்துவரிடம் போகிறார் என்று வையுங்கள். "வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" "இல்லைங்க." அவர் பொய் சொல்லவில்லை. கருத்தடை மாத்திரையை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை, அல்லது சொன்னால் திட்டு விழும் என்று தெரியும். சீட்டில் டிரானெக்சாமிக் ஏறிவிடும். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். போனதும் முதலில் சொல்ல வேண்டியது என்னென்ன மாத்திரை எடுக்கிறோம் என்பதைத்தான். மங்குக்கு வெயில் படாமல் காத்துக்கொள்வதும், சன்ஸ்கிரீனும், பூசுமருந்தும் இருக்கின்றன. மாத்திரை இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கும் திருநங்கைகளுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அது பொட்டாசியத்தை உடம்பிலேயே தக்கவைக்கும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளவயதினருக்கு இது அபூர்வமாகத்தான் பிரச்சினை ஆகும், அதனால் ஒரு இளநீர் குடித்துவிட்டோமே என்று பதற வேண்டாம். மாத்திரையோடு தினம் மூன்று இளநீர், சிறுநீரகக் கோளாறு, எனலாப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரை என்று சேரும்போதுதான் ஆபத்து. தோல் மருத்துவத்தில் இதற்கென்றே ஒரு பொறி உண்டு: கொப்புளத்துக்கும் சிலசமயம் பருவுக்கும் எழுதப்படும் கோ-ட்ரைமாக்சசோல். அதிலுள்ள ட்ரைமெத்தோப்ரிமும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் இதயத்துடிப்பைக் குலைக்கும் அளவுக்குப் போகலாம். கை கால் சோர்ந்து துவளுவதும், நெஞ்சு தாறுமாறாக அடிப்பதும் அடையாளம்.

முகத்து முடி எடுப்பதிலும் மருந்து குறுக்கே வரும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போதோ அடாபலீன் பூசும்போதோ மெழுகு வைத்து இழுத்தால், முடியோடு தோலும் சேர்ந்து வரும். மேலுதட்டில் சிவப்பாகச் சதை தெரிய, கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தவரைப் பார்த்தபின் நான் இதை யாரிடமும் சொல்லத் தவறுவதில்லை. டாக்சிசைக்ளின் தோலை வெயில் தாங்காததாக்கிவிடும். லேசர் முடிநீக்கத்துக்குத் தேதி குறித்திருந்தால் அங்கே முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மினாக்ஸிடிலைப் பற்றி ஒரு வார்த்தை. தலைமுடி உதிர்வதற்கு மாத்திரையாக எடுத்தால் நெற்றியோரம், கன்னம், கை என்று வேண்டாத இடத்திலும் முடி முளைக்கும். திருநங்கைக்கு அது அழுகை. திருநம்பிகளோ தாடிக்காக அதையே தேடி வாங்கித் திரவமாகப் பூசுகிறார்கள். மறுபடியும் அதே கதை. வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் மட்டும் கவனம், பூசிய இடத்தைப் பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

படை க்ரீமும் மற்றவையும்

படர்தாமரைக்குக் கடையில் தானாக வாங்கிப் பூசும் 'கலவை க்ரீம்' எல்லோருக்குமே கெடுதல். உள்ளே வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், பூஞ்சை உள்ளுக்குள் வளரும். அதையே முகம் வெளுக்க என்று மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் போலாகி, ரத்த நாளம் தெரிந்து, பரு கிளம்பி, முடியும் வளரும். முகத்து முடியை எடுக்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் திருநங்கைக்கு இதைவிட வீண்செலவு வேறில்லை.

படைக்கு மாத்திரை எடுக்கும்போது, க்ரிசியோஃபல்வின் என்றால் ஒரு கவனம். ஈரலைத் தட்டி எழுப்பி, ஈஸ்ட்ரோஜனைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றச் சொல்லும் மருந்து அது. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இதில் இன்னும் வலுவானது. ஹார்மோன் அளவு இறங்கியதால் மனசும் உடம்பும் மாறுவதை, "மருந்து ஒத்துக்கலை" என்று தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. நோய்க்கான மருந்தை நிறுத்தக் கூடாது. ஹார்மோன் அளவைத்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

சொரியாசிஸுக்கான மெத்தோட்ரெக்சேட், அசிட்ரெட்டின் இரண்டும் கர்ப்பத்துக்கு ஆகாதவை. அசிட்ரெட்டினை நிறுத்தியபின்னும் மூன்று வருஷம் கருத்தரிக்கக் கூடாது. கர்ப்பப்பை உள்ள திருநம்பிக்கு ஐசோட்ரெட்டினாயினுக்குச் சொன்ன எல்லாமே இங்கும் பொருந்தும், காலம் மட்டும் நீளம்.

தடித்த எழுத்தில் ஒரு எண்

மருந்து தொடங்கும் முன்பும் பின்பும் ரத்தப் பரிசோதனை என்று சொன்னேன் அல்லவா, அந்த ரிப்போர்ட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹீமோகுளோபினின் இயல்பு அளவு ஆணுக்குச் சுமார் 13 முதல் 17, பெண்ணுக்கு 12 முதல் 15 என்று ஆய்வகங்கள் அச்சடிக்கும். பதிவு செய்யும் மேசையில் ஆதார் அட்டையைப் பார்த்து 'பெண்' என்று தட்டிவிட்டால், டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பியின் 16.2 தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு வரும். டெஸ்டோஸ்டிரோன் ஹீமோகுளோபினை ஆண் அளவுக்கு ஏற்றும், அது எதிர்பார்த்ததுதான். அந்த அம்பைப் பார்த்து மிரண்டு பரு மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நின்றவரிடம், ஆண்களுக்கான அளவைப் பேனாவால் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். ஆண் அளவையும் தாண்டிப் போனால்தான் ஹார்மோன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். ஈஸ்ட்ரோஜனில் இருக்கும் திருநங்கையின் 12.4ஐ ஆண் வரிசையில் வைத்து ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை ஏற்றிவிடுவார்கள். வயிறு கட்டிக்கொள்ளும். ஹார்மோன் நிலைத்துச் சில மாதங்கள் ஆனவர்களுக்கு, இப்போது ஓடும் ஹார்மோனின் வரிசையில் வைத்துப் பார்ப்பதே ஹீமோகுளோபினுக்குப் பொருத்தம்.

ஒரு துண்டுச் சீட்டு போதும்

தோல் மருத்துவரிடம் போகும்போது வாழ்க்கைக் கதை முழுதும் சொல்லத் தேவையில்லை. ஒரு துண்டுச் சீட்டில் நாலு விஷயம் எழுதிக் கையில் கொடுத்தால் போதும்: எந்த ஹார்மோன், எவ்வளவு, கடைசியாக எப்போது; தானாக வாங்கிச் சாப்பிடுவது எது; எந்த அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது, எது பாக்கி; கருத்தரிக்கும் வாய்ப்பு இருக்கிறதா. காத்திருப்போர் கூட்டத்துக்கு நடுவே வாயால் சொல்வதைவிட இது சுலபம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் தரப்பிலும் ஒன்று. "எதுக்கு இதெல்லாம் கேக்கறீங்க?" என்று நோயாளி கேட்டால், மருந்தின் பேரைச் சொல்லிக் காரணத்தையும் சொல்லிவிட்டால் பதில் தானாக வரும். காரணமில்லாத கேள்வியாக இருந்தால் அதைக் கேட்கவே வேண்டாம்.

பக்கவிளைவு வந்தபின் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. மருந்தின் கெடுவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் இந்தியாவில் 2010இலிருந்து இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம், மருத்துவரோ மருந்தாளுநரோ படிவம் நிரப்பியும் அனுப்பலாம். திருநர்கள் எடுக்கும் ஹார்மோனும் தோல் மருந்தும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது, இப்படி ஒன்றொன்றாக வரும் தாள்கள்தான் தகவல்.

அந்தப் படிவத்தில் சந்தேகப்படும் மருந்துக்கு ஒரு கட்டம், கூடவே எடுத்துக்கொண்டிருந்த மற்ற மருந்துகளுக்கு ஒரு கட்டம். தானாக வாங்கிச் சாப்பிட்டதையும் சேர்த்து எழுதச் சொல்லி அதிலேயே அச்சடித்திருக்கிறது. என் கைக்கு வரும் படிவங்களில் பெரும்பாலும் காலியாக இருப்பது அந்த இரண்டாவது கட்டம். மாலா-டி என்றால் மாலா-டி என்றே எழுதுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்பதோடு.